நீலம் கூடிப்போன வெள்ளைச் சீலை

எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குப் போன வருசம் ஒரு கண்ணுக்குக் கற்றராக்ட் வெட்டி லென்ஸ் வைத்தார்கள். விடிய நாலரைக்கு வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, வாங்கில் குந்தியிருந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கட்டு அவிழ்த்த உடனேயே அம்மம்மா சுவரில் தொங்கிய கலண்டரில் திகதி வாசித்தா. வீடே சந்தோசப்பட்டது. மூன்றாம் நாள் சண்டை தொடங்கிவிட்டது.

"ஆரடி என்ர சீலைக்கு இவ்வளவு நீலம் போட்டது?"

கொடியில் காய்ந்து கிடந்தது வெள்ளைச் சீலை. வழமையாகப் போடுகிற அளவுதான் நீலம் போட்டது என்று அம்மா சத்தியம் பண்ணினா. பார்த்த எல்லோருக்கும் அது வெள்ளைதான். அம்மம்மா விடவில்லை. பிறகு பால் நீலம் என்றா. கோயிலில் தந்த திருநீறும் நீலம் என்றா. ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துவிட்டு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்ப்பா. "இந்தக் கண்ணால பாத்தா மஞ்சள், மற்றதால பாத்தா நீலம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொன்னா. மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மனிசிக்கு அறளை பெயரத் தொடங்கீட்டுது" என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார். எங்கட தோழியும் அப்போது சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இப்பவும் வெட்கப்படுகிறாள்.

சில மாதங்கள் போனது. சீலைப் பிரச்சினை நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா போடுகிற நீலத்தின் அளவு மாறவில்லை. சீலை மாறவில்லை. வைத்த லென்சும் அதேதான். அப்படியென்றால் மாறியது எது?

இதை எழுதுகிற நாங்கள் கலைப்பீடக்காரர். உயிரியலை ஓ.எல். விஞ்ஞானத்தோடு விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனாலும் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சக் காலம் வாசித்தோம், மருத்துவபீடத்தில் படிக்கிற நண்பர்களைக் கன்ரீனில் வைத்து நச்சரித்தோம். வாசிக்க வாசிக்க எங்களுக்கு வந்தது ஆச்சரியத்தைவிடக் கோபம்தான். ஏன் என்று கடைசியில் சொல்கிறோம்.

முதலில் சீலை. வயது போகப் போக எங்கள் கண்ணில் இருக்கிற வில்லை மஞ்சளாகிக்கொண்டு போகும். மஞ்சள் வில்லை நீல ஒளியை உள்ளே விடாமல் மறிக்கும். கற்றராக்ட் உள்ளவர்களில் பலருக்கு இது இன்னும் மோசம். ஆனால் அம்மம்மா ஒரு நாளும் "உலகம் மஞ்சளாகுது" என்று முறைப்பட்டதில்லை. ஏனென்றால் மூளை இருபது முப்பது வருசமாக மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொண்டே வந்தது. குறைந்த நீலத்தை வைத்துக்கொண்டு "இதுதான் வெள்ளை" என்று கணக்கை மாற்றி எழுதி வைத்திருந்தது. திடீரென்று ஒரு நாள் தெளிந்த லென்ஸ் வந்ததும் நீல ஒளி கொட்டுகிறது. மூளையோ பழைய கணக்கில்தான் நிற்கிறது. ஆகவே சீலை நீலம், பால் நீலம், திருநீறும் நீலம். அம்மம்மா கண்டதைத்தான் சொன்னா.

2004இல் அமெரிக்காவில் டெலஹன்ட், வெப்ஸ்டர், வேர்னர் முதலானோர் கற்றராக்ட் சத்திரசிகிச்சை செய்தவர்களைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். அவர்களுக்கு "வெள்ளை" எது என்பது மெல்ல மெல்லப் பழைய இடத்தை நோக்கித் திரும்பியது. அதற்கு மாதக்கணக்கு எடுத்தது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் சில நிமிடத்தில் கண் பழகுகிறதே, அது வேறு. இது அதைவிட மிக மெதுவான வேலை. கண் வைத்தியர் செய்யக்கூடியது கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ. மிச்சத்தை எழுபது வயது மூளை தானே செய்து முடித்தது. ஒருவரும் அதற்கு நன்றி சொல்லவில்லை.

கலைப்பீடக்காரர் என்றபடியால் இன்னொரு கிழவரையும் இழுத்து வருகிறோம். ஓவியர் கிளோட் மொனேக்கு 1923இல் வலது கண்ணில் இதே சத்திரசிகிச்சை நடந்தது. அவரும் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று கத்தினார், வைத்தியரோடு சண்டை பிடித்தார். அவருடைய நீலத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள். எங்கட அம்மம்மாவின் நீலத்துக்கு அறளை என்று பெயர்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று எங்கட ஊரில் எதற்கெடுத்தாலும் சொல்வார்கள். இந்தப் பழமொழியை விஞ்ஞானமும் கொஞ்சக் காலம் கிட்டத்தட்ட அப்படியே சொல்லிக்கொண்டு இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1960களில் ஹியூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் தைத்து மூடி வைத்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணைக் கைவிட்டிருந்தது, அங்கே இருந்த இடத்தை மற்றக் கண் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடி வைத்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே சிறுவயதில் ஒரு காலம் உண்டு, அதற்குள் நடந்தால் நடந்தது, பிறகு கதவு சாத்தியாச்சு என்ற முடிவு பரவியது. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வு இப்பவும் பிழையில்லை. சின்ன வயதில்தான் மூளை அதிகம் வளையும். பிழை எங்கே வந்ததென்றால், "அதிகம்" என்ற சொல் இடையில் எங்கோ தொலைந்து, "மட்டும்" என்று ஆனதில்.

எங்கட பட்ச்சில் ஒருவன் இருக்கிறான். ஓ.எல். படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். இடது கண்ணால் பெரிய எழுத்துக்கூட அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதுவரை அது அவனுக்கே தெரியாது, ஏனென்றால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதானே நாங்கள் எல்லாரும் திரிகிறோம். கூட்டிக்கொண்டு போன இடத்தில் சொன்னார்கள்: இது கண்ணில் பிழையில்லை, மூளை இந்தக் கண்ணைக் கணக்கெடுக்காமல் விட்டுவிட்டது, லேசி ஐ, சின்னனிலேயே கொண்டு வந்திருக்க வேணும், இனி ஒண்டும் செய்யேலாது. ஐந்து நிமிடத்தில் முடிந்த கதை. அவனுடைய அம்மா அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தாவாம். தான் கவனிக்கவில்லையே என்று. அவன் அதற்குப் பிறகு அந்தக் கண்ணைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை. கிரிக்கெட்டையும் விட்டுவிட்டான்.

அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வை நாங்கள் அவனோடு சேர்ந்துதான் வாசித்தோம். லேசி ஐ உள்ள 507 பிள்ளைகள், 7 முதல் 17 வயது வரை. அவர்களில் 13க்கும் 17க்கும் இடைப்பட்ட வயதில், முன்னர் ஒரு சிகிச்சையும் எடுக்காமல் இருந்தவர்களைப் பாருங்கள். நல்ல கண்ணை ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம் மூடி, மற்றக் கண்ணால் கிட்டத்து வேலை செய்ய வைத்தபோது, அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எழுத்து அட்டையில் இரண்டு வரியளவு முன்னேற்றம் வந்தது. கண்ணாடி மட்டும் கொடுத்தவர்களில் அது ஐந்தில் ஒருவருக்குத்தான் வந்தது. எல்லோருக்கும் வரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆனால் பாதிக்குப் பாதி என்பதும் "ஒண்டும் செய்யேலாது" என்பதும் ஒன்றா?

அவன் வாசித்து முடித்துவிட்டு போனைத் திருப்பித் தந்தான். "அப்ப எனக்குப் பதினைஞ்சு" என்று மட்டும் சொன்னான்.

பெரியவர்களுக்கும் கதவு முழுதாகச் சாத்தியில்லை. 2011இல் கலிபோர்னியாவில் டெனிஸ் லீவியின் குழு லேசி ஐ உள்ள 20 பேரை, 15 வயது முதல் 61 வயது வரை, நல்ல கண்ணை மூடிக்கொண்டு நாற்பது மணித்தியாலமும் அதற்கு மேலும் வீடியோ கேம் விளையாட விட்டது. கூர்மை கூடியது. சின்ன ஆய்வுதான், அதைப் பெரிதாக ஊதக்கூடாது. சூசன் பாரி என்ற அமெரிக்க நரம்பியல் பேராசிரியையின் கதை இன்னும் சுவாரசியம். பிள்ளையிலேயே மாறுகண். இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தைக் காட்டும் பார்வை அவருக்கு இல்லை. இனி அது வராது என்றுதான் அவரும் நம்பியிருந்தார். வகுப்பில் அந்தப் பூனைக்குட்டி ஆய்வைப் படிப்பித்தவரும் அவர்தான். 48 வயதில் கண் பயிற்சி தொடங்கினார். ஒரு நாள் பயிற்சி முடிந்து காரில் ஏறியபோது ஸ்ரியரிங் தனியே முன்னுக்குத் தள்ளி நின்றது. அதுவரை அது அவருக்குப் பின்னால் இருக்கிற டாஷ்போர்ட்டோடு ஒட்டிய படம் மாதிரித்தான். 2009இல் அவர் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

ஆனால் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, திறந்தவுடன் உள்ளே போய்விடலாம் என்றும் இல்லை. இதை எங்களுக்கு விளங்க வைத்தது இந்தியாவில் நடந்த வேலை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கிற பவன் சின்ஹா 2000களில் 'பிரகாஷ்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பிறவியிலேயே கற்றராக்டோடு இருந்து, வறுமையால் சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, டில்லியில் உள்ள டொக்டர் ஷ்ரோஃப் கண் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்வது ஒரு பக்கம். அவர்கள் எப்படிப் பார்க்கப் பழகுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்ப்பது மற்றப் பக்கம்.

அங்கே ஒரு பழைய தத்துவக் கேள்விக்கும் பதில் கிடைத்தது. 1688இல் அயர்லாந்தைச் சேர்ந்த மொலினோ என்பவர் ஜோன் லொக்குக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பிரித்தறிவார். அவருக்குத் திடீரென்று பார்வை வந்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? (மெய்யியல் படிக்கிற ஆக்கள் இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள்.) 2011இல் சின்ஹாவின் குழு 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரிடம் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு நாளுக்குள் இதைச் சோதித்தது. தொட்டதைத் தொட்டு அடையாளம் கண்டார்கள். பார்த்ததைப் பார்த்தும் அடையாளம் கண்டார்கள். தொட்டதைப் பார்த்து அடையாளம் காண முடியவில்லை, ஏறத்தாழ ஊகம்தான். ஆனால் ஒரு வாரமளவில் மீண்டும் சோதித்தவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். முந்நூறு வருசமாகப் பெரிய தலைகள் "முடியுமா முடியாதா" என்று மோதிக்கொண்டார்கள். "இன்றைக்கு முடியாது, வாற கிழமை பார்ப்பம்" என்ற பதிலுக்கு அவர்கள் இடமே வைக்கவில்லை.

எஸ்.கே. என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படுகிற இன்னொருவர் பீகார்க்காரர். பிறவியிலேயே கண்ணில் வில்லை இல்லை. 29 வயதுவரை பார்வையற்றவராகவே வாழ்ந்தார். அவருக்குத் தேவைப்பட்டது சத்திரசிகிச்சைகூட இல்லை, ஒரு கண்ணாடி! கண்ணாடி போட்ட பிறகு, ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்த படத்தைக் காட்டினால் அவருக்கு இரண்டு உருவம் தெரியவில்லை, மூன்று துண்டு தெரிந்தது. படத்தில் நிழல் விழுந்தால் நிழலும் ஒரு பொருள். ஆனால் அதே உருவங்கள் அசைந்தால் உடனே பிடித்துவிடுவார். சேர்ந்து அசைகிறது ஒரு பொருள் என்ற அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அவருடைய மூளை உலகத்தைக் கோக்கத் தொடங்கியது. ஒன்றரை வருசத்தில் அசையாத படங்களையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கூர்மை மட்டும் எங்களுடைய அளவுக்கு வரவில்லை. அது அவருக்குக் கிடைக்காமலே போன ஒன்று. ஐந்தில் வளையவேண்டியதில் கொஞ்சம் அங்கே நின்றுவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேணும்.

கண்ணாடிக்கும் பார்வைக்கும் இடையில் ஒன்றரை வருசம். எங்கட வீடுகளிலும் கிளினிக்குகளிலும் இந்த இடைவெளிக்கு ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் எங்கள் முறைப்பாடு. கட்டு அவிழ்த்தால் முடிந்தது. "இப்ப வடிவாத் தெரியுதுதானே?" என்று கேட்பார்கள். ஓம் என்று சொல்லாவிட்டால் நன்றி கெட்டவர். பைபோக்கல் கண்ணாடி போட்டு முதல் கிழமை படியில் தடுமாறுகிற அப்பாவைப் பார்த்து "பழகாட்டிக் கழட்டி வையுங்கோ" என்கிறோம். கழற்றி வைத்தால் எப்படிப் பழகும்?

இந்த இடைவெளியில் தனியாக விடப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு துயரமான கதை இருக்கிறது. சிட்னி பிராட்ஃபோர்ட். கைக்குழந்தையிலேயே பார்வை போய், தொழில், சைக்கிள் ஓட்டம் எல்லாவற்றோடும் உற்சாகமாக வாழ்ந்தவர். சைக்கிளில் போகும்போது நண்பர் ஒருவர் தோளில் கை வைத்திருப்பார். 52 வயதில் வெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சையால் பார்வை வந்தது. ரிச்சர்ட் கிரெகரி என்ற உளவியலாளர் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். தொட்டுப் பழகியவற்றைப் பார்த்தும் அறிந்தார். நூதனசாலையில் ஒரு கடைசல் இயந்திரத்தைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் நின்றவர், கண்ணை மூடிக் கையால் தடவிய பிறகு கண்ணைத் திறந்து, இப்போது தெரிகிறது என்றார். ஆனால் உலகம் அவருக்கு அழுக்காகவும் வெளிறியும் தெரிந்தது. முன்னர் துணிச்சலாகக் கடந்த தெருவைக் கடக்கப் பயந்தார். இரவில் லைட் போடாமல் இருளில் இருந்தார். மனம் சோர்ந்து, 1960இல், இரண்டு வருசம் ஆகுமுன்னே இறந்துபோனார். பார்வை கொடுத்தவர்கள் அவருக்குத் துணை கொடுக்கவில்லை. அல்லது, துணை தேவை என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கட பீடத்திலேயே படிக்கிற, பார்வையில்லாத நண்பர் ஒருவருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் எல்லாரும் பார்வை வாறதைப் பற்றியே எழுதுறியள். வராத ஆக்களின்ர மூளை சும்மாவா இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, இந்தப் பகுதி அவருக்காகத்தான். சும்மா இல்லை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் வாசிக்கும்போது மூளையின் பார்வைப் பகுதி வேலை செய்தது தெரிந்தது. பார்வையுள்ள பெரியவர்களுக்கு ஐந்து நாள் கண்ணைக் கட்டி விட்டு பிரெய்ல் பழக்கினார்கள். ஐந்தே நாளில் அவர்களுடைய பார்வைப் பகுதியும் விரல் நுனிக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. கட்டு அவிழ்த்து ஒரு நாளுக்குள் அது போய்விட்டது. மூளை ஒரு காணியையும் தரிசாகப் போடாது. ஆனால் எங்கட விரிவுரைகளில் போர்டில் எழுதிவிட்டு "இதைப் பாருங்கோ" என்று சொல்லுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஸ்கான் பண்ணிய படமாகத் தருகிற நோட்ஸை அவருடைய போன் வாசிக்காது. அந்த மூளை எதற்கும் வளைந்து கொடுக்கும், நோட்ஸை டைப் பண்ணித் தர ஆளில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பிழையான கையில் போய்விடும். "மூளை மாறும்" என்று சொன்னவுடன் யூடியூப்பில் ஒருவர் வந்து பத்து நாளில் கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்பார். கிட்டத்துப் பார்வைக் கண்ணாடி போடுகிற எங்களில் பலருக்கும் பிரச்சினை கண் உருண்டை நீண்டு போனது. எந்தப் பயிற்சியும் அதைக் கட்டையாக்காது. கண் சரியாகக் கொடுத்தால்தான் மூளை எடுத்துக்கொள்ளும். லேசி ஐக்குக்கூட முதல் வேலை சரியான கண்ணாடிதான். கண் மூடுகிற சிகிச்சையும் வைத்தியரின் கண்காணிப்பில் செய்யவேண்டியது, சாரக் கிழிசலைக் கட்டிக்கொண்டு வீட்டில் தொடங்குகிற விசயமில்லை.

கோபம் ஏன் என்று கடைசியில் சொல்கிறோம் என்றோமே. இதில் எதுவும் இரகசியமில்லை, புதிதுமில்லை. இருபது வருசத்துக்கு மேல் பழைய ஆய்வுகள் இதில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்து, தமிழில் மருத்துவ நூல்கள் வெளியிட்ட மண் இது. அதே மண்ணில், "அம்மா, கொஞ்ச நாளைக்கு வெள்ளை நீலமாத் தெரியும், பயப்பிடாதேங்கோ, மெல்ல மெல்லச் சரியாகும்" என்று ஒரு வசனத்தைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க முடியாதா? வரிசை நீளம், ஆளணி குறைவு, ஒரு வைத்தியர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அந்த வாங்கில் நாங்களும் இருந்திருக்கிறோம். அதற்காகத்தான் ஒரு வசனம் என்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு "ஒண்டும் செய்யேலாது" என்று சொல்ல எடுக்கிற அதே நேரத்தில், "கொஞ்சம் பிந்தீட்டுது, எண்டாலும் முயற்சி செய்து பாப்பம்" என்றும் சொல்லலாம். இரண்டாவது வசனம் நீளம்தான். ஒரு மூன்று செக்கன் கூடப் போகும்.

அந்த வசனத்தை ஆர் எழுதுவது என்று கேட்டால், நாங்கள் எழுதித் தருகிறோம். மருத்துவபீட நண்பர்கள் பிழை திருத்தினால் சரி. தமிழ் படிக்கிறோம் என்று நாலு வருசம் இந்த வளாகத்தில் இருக்கிறோம், இதற்குக்கூட உதவாவிட்டால் பிறகு என்ன?

எங்கட பட்ச் பெடியன் போன கிழமை வேறொரு கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு வந்தான். இருபத்திரண்டு வயதில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்கிறான். ஆனால் தவணைத் திகதியை எங்கள் குரூப்பில் போட்டிருக்கிறான்.

அம்மம்மாவுக்கு மற்றக் கண் வெட்டுகிறது அடுத்த மாதம். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தால் வித்தியாசம் இப்பவும் கொஞ்சம் இருக்காம், இரண்டையும் திறந்தால் சீலை வெள்ளையாம். பேத்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள், மஞ்சள் வில்லை, நீல ஒளி, மூளையின் கணக்கு, மொனே உட்பட. அம்மம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அதைத்தானேயடி நான் அப்பவே சொன்னனான்" என்றா. பிறகு குசினிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டு, இந்த முறை நீலம் தெரிந்தால் தான் ஒண்டும் கதைக்கமாட்டன், நாள் எண்ணிக்கொண்டு இருக்கப்போறன், அந்த மாமனை மட்டும் இந்தப் பக்கம் வரவிடாதை என்றா.